யூனியன் ஆபீசிலிருந்து சட்டமன்றத்துக்கு

வணக்கம். மூணாறு, பீர்மேடு பக்கம் எம்.எல்.ஏ. ஆகிறவர்களில் பாதிப்பேர் யூனியன்காரர்கள். ஆனால் 2015இல் எஸ்டேட் பெண்கள் போனஸும் கூலியும் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தபோது அந்தத் தலைவர்களையே கிட்ட விடவில்லை. “ஜெயித்ததும் மாறிட்டாங்க” என்பதைத் தாண்டி வேறு காரணம் ஏதும் உண்டா?

க., மறையூர்

அன்புள்ள க.,

உண்டு. முதலில் அவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்போம். டிவிஷனில் (எஸ்டேட்டின் ஒரு பகுதி) இருக்கும் சங்கக் கன்வீனரிடம் வருவதெல்லாம் சில்லறைப் புகார்கள்: செக்ரோலில் (வருகைப் பதிவேடு) பேர் விழவில்லை, கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று அதிகம் கழிக்கிறார்கள், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) கூரை ஒழுகுகிறது. மேனேஜரிடம் முடியாதது யூனியன் ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து அரசின் பிளாண்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு. இப்படிப் பத்து வருஷம் அலைந்தவருக்கு எந்த லயத்தில் எத்தனை ஓட்டு என்பது மனப்பாடம். வாக்குச்சாவடிக்கு ஒரு ஏஜென்ட், மாற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். சங்கத்துக்கு அவர்களைத் தேடும் வேலையே இல்லை. 2015இல் போராடிய பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமைக்கு அந்த ஆள்கட்டு கிடையாது. அதனால்தான் 2015 உள்ளாட்சித் தேர்தலில் அதன் தலைவிகளில் ஒருவரான கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயிக்க முடிந்தும், அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் அந்த அமைப்பு எடுபடவில்லை.

மூணாறு அடங்கிய தேவிகுளம், பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி என்பதால் தாண்ட வேண்டிய இன்னொரு வாசலும் இருக்கிறது. வேட்பாளரின் சாதி கேரளப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. முன்னோர் 1950க்கு முன்பே இங்கே குடியேறியிருக்க வேண்டும். கங்காணி கூட்டிவந்த குடும்பங்களுக்கு அதை நிரூபிக்கப் பழைய எஸ்டேட் பதிவுகள்தான் கதி. 2021இல் ஜெயித்த ஏ. ராஜாவின் வெற்றியை 2023இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மதம், பூர்வீகம் இரண்டும் வழக்கில் வந்தன. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சங்கமான ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவர் சி.ஏ. குரியன் 1977, 1980, 1996 என மூன்று முறை ஜெயித்தது இந்த வாசல் இல்லாத பொதுத் தொகுதியான பீர்மேட்டில்.

இனி உங்கள் கேள்விக்கு. சங்கத் தலைவரின் பலம் கோஷத்தில் இல்லை, கையெழுத்தில் இருக்கிறது. பழைய தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின் கீழ் சமரச அதிகாரி முன்னால் போட்ட உடன்படிக்கை, 18(3)படி சங்கத்தில் இல்லாதவரையும் கட்டுப்படுத்தும். கூலி பேசும் பிளாண்டேஷன் லேபர் கமிட்டியில் முதலாளிகள், சங்கங்கள், அரசு என்று மூன்று தரப்பு. எம்.எல்.ஏ.வின் முன்னணி ஆட்சியில் இருந்தால் அவருக்கு மேஜையின் இரண்டு பக்கமும் நாற்காலி. 1958 இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் கம்யூனிஸ்ட் வேட்பாளராக தேவிகுளத்தில் மறுபடி ஜெயித்தார். அதே ஆண்டு அக்டோபரில், அதே கட்சி ஆட்சியில், வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் ஹசன் ராவுத்தரும் பாப்பம்மாளும் இறந்தார்கள்.

ஆனால் 2015இல் தேவிகுளத்தில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அப்படியும் விரட்டினார்கள், ஏனென்றால் கோபம் ஆட்சிமீது மட்டும் இல்லை. காங்கிரஸ் சங்கமான ஐ.என்.டி.யு.சி.யின் தலைவர் ஏ.கே. மணியும் அதே தொகுதியில் மூன்று முறை ஜெயித்தவர். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், பேச்சுவார்த்தையில் ஒரே பக்கம். பெண்களின் கண்ணில் ஏ.ஐ.டி.யு.சி., மார்க்சிஸ்ட் சங்கமான சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி. மூன்று சங்கமும் ஒன்றுதான்.

2015 போராட்டத்தில் வந்த உடன்பாடுகளைக் கொஞ்சம் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். போனஸாகக் கம்பெனி சொன்னது 10 சதவீதம், பெண்கள் கேட்டது 20. கிடைத்தது 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை. 8.33 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். மீதியை ‘கருணை’ என்று எழுதிவிட்டால் அடுத்த வருஷம் உரிமையாகக் கேட்க முடியாது. கூலியிலும் இதே கதைதான். 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள், 301 ஆயிற்று. கூடவே ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 ஆயிற்று. பத்திரிகைத் தலைப்பில் கூலிதான் வந்தது. முதுகு வலிப்பது அந்த நாலு கிலோவுக்கு.

இன்னொன்று, தேவிகுளம் தொகுதி முழுக்கத் தேயிலை இல்லை. அடிமாலி, வெள்ளத்தூவல் பக்கம் சிறு விவசாயிகள். வட்டவடை, காந்தல்லூரில் காய்கறியும் பூண்டும். எம்.எல்.ஏ. மேஜையில் குவிவது பட்டா மனுக்கள். எஸ்டேட்காரருக்கோ ரிட்டயர் ஆனால் லய வீட்டைக் காலி செய்ய வேண்டும், சொந்த மண் ஒரு சென்ட்கூட இல்லை. இதை எந்தக் கூலி உடன்படிக்கையாலும் தீர்க்க முடியாது. வருவாய்த் துறையை அசைக்க வேண்டும், அது எம்.எல்.ஏ.வால் மட்டும் முடிகிற காரியம். என் பார்வையில் அவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய இடமும் இதுதான். போனஸ் பேச சங்கத்துக்கு வேறு ஆள் கிடைப்பார்.

தேர்தல் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கத்தின் பொது நிதியை அதற்குத் தொடக் கூடாது. அரசியலுக்குத் தனி நிதி வைக்க வேண்டும், அதற்குத் தரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. உறுப்பினர் யார் வேண்டுமானாலும் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.