லாங்கே மலையில் சமையல் கற்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வடமேற்கு இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தில், ஆல்பா என்கிற சின்ன ஊரைச் சுற்றியிருக்கும் திராட்சை மலைகளுக்கு லாங்கே என்று பெயர். நான் டூரினில் குடியிருப்பவள். மூன்று வருடம் இலையுதிர் காலத்தில் அந்த மலையில் ஒரு தோட்ட வீட்டுச் சமையலறையில் எடுபிடி வேலை பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

கோவைத் தம்பதி: சமையல் கற்க எல்லாரும் நடு இத்தாலியின் டஸ்கனிக்குத்தான் போகிறார்கள். நீங்கள் ஏன் லாங்கே என்கிறீர்கள்?

எனக்குப் பழகிய அடுப்பு அங்கேதான், அதுதான் முதல் காரணம். இன்னொன்று, அந்த மலையைப் பார்த்தாலே சமையல் புரிந்துவிடும். வெயில் நன்றாக விழுகிற சரிவில் நெபியோலோ திராட்சை. அதிலிருந்துதான் பரோலோ, பார்பரெஸ்கோ ஒயின்கள். வெயில் குறைந்த பக்கம் ஹேசல்நட் மரங்கள். மரத்தடி ஈரத்தில், மண்ணுக்குள், ட்ரஃபிள் என்கிற வாசனைக் காளான். ஒயின், கேக், பாஸ்தா மேல் சீவும் வாசனை, மூன்றும் ஒரே மலையிலிருந்து வந்துவிடும். 2014இல் யுனெஸ்கோ இந்தத் திராட்சைத் தோட்டங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பக்கத்து ஊர் பிராவில்தான் 1986இல், அவசர உணவுக்கு எதிரான ஸ்லோ ஃபுட் இயக்கத்துக்கு விதை போட்டார்கள். ரொட்டியில் தடவுகிற ஹேசல்நட் சாக்லேட் பசை நுட்டெல்லாவும் ஆல்பா சரக்குதான், 1964இல் வந்தது.

மதுரை வாசகி: அக்கா, எந்த வகுப்பில் சேருவது? படங்களைப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது.

படத்தைப் பார்க்காதேம்மா, மூன்று விஷயம் எழுதிக் கேள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒரு நாளில் எத்தனை பதார்த்தம்? மாவை யார் பிசைவார்கள்? முதல் முறை நான் காசு கட்டிச் சேர்ந்த இடத்தில் பதினாலு பேர் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தோம். சமையல்காரர் ஐந்து பதார்த்தம் செய்தார், நாங்கள் சாப்பிட்டோம், ஆளுக்கொரு ஏப்ரன் கொடுத்து அனுப்பினார்கள். அது கல்யாணப் பந்திக்குப் போய் வந்த கணக்கு. ஆறு பேருக்கு மேல் சேர்க்காத, ஒரு நாளைக்கு இரண்டு பதார்த்தம் மட்டும் சொல்லித்தருகிற வீடாகப் பார். அக்ரிதுரிஸ்மோ என்று பலகை இருந்தால் விவசாயக் குடும்பமே நடத்துகிற தங்குமிடம் என்று அர்த்தம். அங்கே பாட்டி கையால் கற்கிற வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை உட்படுகிற மாதிரி தேதி எடு, ஆல்பாவில் அன்றைக்குத்தான் பெரிய சந்தை.

திருச்சி வாசகர்: அங்கே கட்டாயம் கற்க வேண்டியது எது?

தயரின், ப்ளின். இந்த இரண்டும் கைக்கு வந்தால் போதும்.

தயரின் என்பது முட்டையின் மஞ்சள் கருவிலேயே பிசைகிற மெல்லிய பாஸ்தா. ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கரு சர்வ சாதாரணம், 40 வரை போகிறவர்களும் உண்டு. இத்தாலிக்காரர்கள் மஞ்சள் கருவை ‘முட்டையின் சிவப்பு’ என்பார்கள். உடைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும், நம் நாட்டுக்கோழி முட்டையைப் போல நல்ல ஆரஞ்சு. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. அதனால் முதல் ஐந்து நிமிடம் மாவு உதிர்ந்துகொண்டே இருக்கும், நமக்குக் கை பரபரக்கும். அப்போது தண்ணீர் தெளித்தால் காரியம் கெட்டது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்தித் தள்ளவேண்டும், பத்து நிமிடத்தில் தானாகப் பிடி கொடுக்கும். அரை மணி மூடி வைத்து, கண்ணாடித் தாள் போலத் தேய்த்து, மேற்பரப்பு லேசாகக் காய்ந்ததும் பாய் போலச் சுருட்டிக் கத்தியால் நூல் நூலாக நறுக்குவார்கள். கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம், பிறகு வெண்ணெய், சேஜ் என்கிற வாசனை இலை. அவ்வளவுதான்.

ப்ளின் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் கிள்ளு. நீளத் துண்டாக வெட்டிய மாவில் சுண்டைக்காய் அளவு இறைச்சிப் பூரணத்தை வரிசையாக வைத்து, மாவை மேலே மடித்து, இரண்டு பூரணத்துக்கு நடுவில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு ஒரு கிள்ளு. பிறகு பல்லுள்ள சக்கரத்தை ஓட்டினால் குட்டித் தலையணை விழும். முந்தின நாள் மிஞ்சிய வறுத்த இறைச்சியைத் தீர்க்கப் பிறந்த பண்டம் இது. சோமாசி மடித்துப் பழகிய கைக்கு அரை மணியில் வந்துவிடும். எனக்குச் சொல்லித்தந்த அம்மாள் நான் கிள்ளியதைப் பார்த்துவிட்டு என்னை அடுப்பிலிருந்து நேரே ப்ளின் மேசைக்கு மாற்றிவிட்டார்.

சென்னை வாசகர்: நாங்கள் சைவம். போனால் பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் விழிப்பு வேண்டும். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு இறைச்சி வேகவைத்த சாற்றிலேயே ரிசோட்டோ என்கிற குழைந்த சோற்றைக் கிண்டிவிடுவார்கள், பாவம், கெட்ட எண்ணம் இல்லை. “நியெந்தே கார்னே, நியெந்தே பெஷ்ஷே, நியெந்தே ப்ரோதோ தி கார்னே” என்று மூன்றையும் சொல்லுங்கள். இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று பொருள். காய்கறியைத் தொட்டுச் சாப்பிடுகிற பான்யா காவ்தா என்ற சூடான குழம்பு பார்க்கச் சைவம் போல இருக்கும். பூண்டும் எண்ணெயும் போக மீதி முழுக்க உப்பு நெத்திலி! கடலே இல்லாத மலையில் நெத்திலி எப்படி என்றால், லிகூரியக் கரையிலிருந்து உப்பு வந்த வழியில் அதுவும் வந்தது.

பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பார்கள். பன்ன கோத்தா என்கிற பாலேட்டு இனிப்பில், விலங்கிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் உண்டு. இதையெல்லாம் பார்ப்பீர்களா, விடுவீர்களா என்பது உங்கள் முடிவு. முட்டை ஆகுமென்றால் தயரின், புனெட் என்கிற கோகோ புட்டிங், ஹேசல்நட் கேக் எல்லாம் உங்களுடையவை. முட்டையும் ஆகாது என்றால் காய்கறிச் சாற்றில் ரிசோட்டோ, பொலேந்தா என்கிற மக்காச்சோளக் களி. ந்யோக்கி என்கிற உருளைக்கிழங்கு உருண்டையில் சிலர் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகி: ஒயின் குடிக்காதவள் போய் என்ன பயன்?

நான் குடிப்பதே அரிது. ருசி பார்க்கிற இடத்தில் வாயில் கொப்பளித்துத் துப்பப் பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நெபியோலோவை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள், வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்பை ஆற்றத்தான் பரோலோவைக் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், வைத்திருந்து விற்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வெண்ணெயும் கொழுப்பும் அந்த ஊர்த் தட்டில் ஏன் இத்தனை என்பது அந்த ஒரு வாயில் விளங்கிவிடும்.

சேலம் வாசகர்: மாட்டிறைச்சியைப் பரோலோவில் வேகவைப்பார்களாமே, முழு பாட்டிலா?

முழு பாட்டிலேதான். ராத்திரி முழுக்க ஒயினில் ஊறி, மூன்று மணி நேரத்துக்கும் மேல் சிறு தீயில். ஆனால் வீடுகளில் பலர் விலை குறைந்த நெபியோலோவோ பார்பெராவோ ஊற்றிவிட்டுப் பரோலோவைக் குடிக்க வைத்துக்கொள்கிறார்கள். சரியான கணக்கு.

பெங்களூரு வாசகர்: ட்ரஃபிள் காலத்தில் போகலாமா? திரும்பும்போது வாங்கி வரலாமா?

வெள்ளை ட்ரஃபிள் திருவிழா ஆல்பாவில் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். திராட்சை அறுவடையும் பனிமூட்டமும் சேர்ந்த காலம், கண்கொள்ளாது. அறை வாடகையும் எகிறும். கற்பதுதான் நோக்கம் என்றால் மே, ஜூன் போங்கள், சொல்லித்தருகிறவர்களுக்கு அவகாசம் இருக்கும்.

வெள்ளை ட்ரஃபிளைச் சமைக்கக் கூடாது, சூட்டில் வாசனை போய்விடும். சாப்பாட்டின் மேல் பச்சையாகச் சீவுவார்கள். உணவகத்தில் கிராம் கணக்கில் காசு, சீவுகிறவரிடம் ‘பாஸ்தா’ என்றால் நிறுத்துவார். இது நாம் சாப்பிடுகிற pasta இல்லை, basta; ‘போதும்’ என்று பொருள், தமிழில் எழுதினால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரியும். வாங்கி வருவது வீண், ஒரு வாரத்தில் வாடிவிடும். ‘ட்ரஃபிள் எண்ணெய்’ பாட்டில்களில் பெரும்பாலானவை செயற்கை வாசனைதான், லேபிளைப் படித்துவிட்டு வையுங்கள். வறுத்த ஹேசல்நட் வாங்குங்கள். ஒயின் என்றால் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லை.

தூத்துக்குடி வாசகர்: கார் இல்லாமல் முடியுமா?

டூரினிலிருந்து ஆல்பா வரை ரயில் உண்டு. அதற்கு மேல் மலைக் கிராமங்களுக்குப் பேருந்தை நம்பாதீர்கள், தங்குகிற வீட்டாரையே கூட்டிப்போக வரச்சொல்லுங்கள். கார் எடுத்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ரத்தத்தில் மது அளவு லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது. வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்கே நாலு கோப்பை வரும் என்பதை மறந்துவிட்டுச் சாவியை எடுக்காதீர்கள்.