38 ரெஃபரன்ஸுக்கு ஒரு புரோக்கரா?

கேள்வி: மதுரையில் கண் மருத்துவம் முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்து விவசாயிகளுக்கு வரும் கருவிழிப் பூஞ்சைப் புண் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ‘ரெஃபரன்ஸ் வான்கூவர் முறையில் இல்லை’ என்று ஜர்னல் படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிவிட்டது. மேற்கோள் காட்டிய கட்டுரைகளை எண் போட்டுப் பட்டியலிடும் ஒரு முறையாம் அது. மொத்தம் 38 ரெஃபரன்ஸ். கோரிப்பாளையத்தில் ஒரு பிராஜெக்ட் சென்டரில் 4,000 ரூபாய் கேட்கிறார்கள். கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பப்ளிகேஷனுக்கும் கேரண்டியாம். ஃபைலை மெயிலில் அனுப்பியும்விட்டேன். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், டாக்டரம்மா. இது நீங்களே ஓரிரு சாயங்காலத்தில் முடித்துவிடக்கூடிய வேலை.

அந்த சென்டர்காரர் என்ன செய்து தருவார் என்று முதலில் சொல்கிறேன். 38ஐயும் கையால் டைப் அடித்து, எண் போட்டு, அழகான வேர்ட் ஃபைலாகத் தருவார். ஜர்னலும் பரிசீலனைக்கு ஏற்கும். ரெண்டு மாதம் கழித்து, ஜர்னலுக்காகக் கட்டுரையைப் பரிசீலிக்கும் ரிவ்யூவர், ‘ஏழாவதுக்கு முன்னால் இந்தக் கட்டுரையையும் சேருங்கள்’ என்று எழுதுவார். வான்கூவர் முறையில் கட்டுரைக்குள் எது முதலில் வருகிறதோ அதுதான் 1. நடுவில் ஒன்று நுழைந்தால் அதற்குப் பிறகு உள்ள அத்தனை எண்ணும் மாற வேண்டும், உள்ளேயும் பட்டியலிலும். மறுபடி கோரிப்பாளையம், மறுபடி பணம். அவர் தொழில் ஓடுவதே அதில்தான்.

1978ல் கனடாவின் வான்கூவர் நகரில் சில மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் கூடி, கட்டுரைகள் எந்த வடிவில் வர வேண்டும் என்று பொது விதி வகுத்தார்கள். இந்த முறைக்கு அந்த ஊர்ப் பெயர் வந்தது அப்படித்தான். இன்று என்ன நிலைமை? ஆறு ஆசிரியர்களுக்கு மேல் போனால் முதல் ஆறு பேரைப் போட்டு ‘எட் ஆல்’ (மற்றும் பலர்) என்று முடி என்கிறது ஒரு ஜர்னல், மூன்று பேரோடு நிறுத்து என்கிறது இன்னொன்று. எண் முற்றுப்புள்ளிக்கு முன்னாலா பின்னாலா என்பதில்கூட ஒற்றுமை இல்லை. நோயாளியைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை, கமாவை எண்ணித் திருப்பி அனுப்புகிறார்கள். முதல் தடவை எந்த வடிவில் அனுப்பினாலும் சரி என்று சொல்லும் ஜர்னல்களும் இப்போது இருக்கின்றன. அடுத்த கட்டுரைக்கு ஜர்னலின் விதிமுறைப் பக்கத்தில் முதலில் அதைத் தேடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஜோட்டெரோ என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். வேர்டோடு சேர்ந்து ஓடும். அதில் மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இருக்கும் பிஎம்ஐடி என்ற அடையாள எண்ணை அதில் போட்டால் ஆசிரியர், தலைப்பு, ஜர்னலின் சுருக்கப் பெயர், தொகுதி, பக்கம் எல்லாம் தானாக வந்து உட்காரும். ஸ்டைல் பட்டியலில் உங்கள் ஜர்னல் பெயரே இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் வான்கூவரைத் தேர்ந்தெடுங்கள். 422-429 என்பது 422-9 என்று தானே சுருங்கும். இடையில் ஒன்றைச் சேர்த்தால் எண்கள் தாமாக மாறும். கூகுள் ஸ்காலரில் இருந்து எடுக்காதீர்கள், அதில் ஜர்னல் பெயர் முழுதாக வரும், தலைப்பு சில சமயம் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும்.

மென்பொருள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸ். கட்டுரையில் ‘அட்டவணை 1’ என்று முதலில் எங்கே சொல்கிறீர்களோ, அந்த இடத்து வரிசையில்தான் அதற்கு எண் வர வேண்டும். நீங்கள் அட்டவணையை ஃபைலின் கடைசியில் வைத்திருப்பீர்கள், அதனால் மென்பொருள் 36, 37 என்று கடைசி எண்ணைக் கொடுத்துவிடும். வேலை முடியும்வரை அட்டவணையை உரிய இடத்திலேயே வைத்திருங்கள்.

அப்புறம் நம் ஊர்ப் பெயர்கள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எஸ். முத்துக்குமார் என்பவர் வான்கூவரில் ‘முத்துக்குமார் எஸ்’ ஆவார். புள்ளி, கமா எதுவும் இல்லை. அதே முத்துக்குமாரிடம் வேறொரு ஜர்னலின் படிவம் ‘கடைசிப் பெயர்’ கேட்டிருக்கும். அவர் அப்பா பெயரை எழுதியிருப்பார். அங்கே அவர் ‘செல்வராஜ் எம்’. மூன்றாவது ஜர்னல் பெயரை இரண்டாக உடைத்து ‘குமார் எஸ்எம்’ ஆக்கியிருக்கும். மூன்றும் உங்கள் பட்டியலில் வந்தால், ‘நம்ம சார்தானே, அப்பா பேரைப் போட்டுவிட்டார்களே’ என்று கை பரபரக்கும். திருத்தாதீர்கள். அந்தந்தக் கட்டுரை பப்மெட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே விடுங்கள். நீங்கள் ‘சரி’ செய்தால் ஜர்னலின் தானியங்கிச் சோதனையில் அந்த ரெஃபரன்ஸ் பொருந்தாமல் போகலாம். உங்கள் பெயரை மட்டும் இப்போதே ஒரே வடிவமாக முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்சிட் எண் ஒன்று வாங்கிவிடுங்கள். அதுவும் இலவசம்தான்.

ஜர்னல் பெயரிலும் இதே கதைதான். ஆர்கைவ்ஸ் ஆஃப் ஆப்தல்மாலஜி 2013ல் ஜாமா ஆப்தல்மாலஜி ஆனது. அதற்கு முந்தைய கட்டுரைகள் பழைய பெயரிலேயே இருக்கட்டும். புத்தகம், இணையதளம் எல்லாம் உங்கள் பட்டியலில் ஒன்றிரண்டுதான் இருக்கும், ஜர்னல் தரும் மாதிரியைப் பார்த்து எழுதிவிடலாம்.

வடிவத்தைவிட எனக்குக் கவலை உள்ளடக்கத்தில். உங்கள் தலைப்பில் யாரும் தாண்டிப் போக முடியாத ஆய்வு, அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நாடாமைசின், வோரிகோனசோல் என்ற இரண்டு பூஞ்சை மருந்துகளையும் ஒப்பிட்டு நடத்தியது. ஜாமா ஆப்தல்மாலஜி, 2013, தொகுதி 131. அதைக் காட்டி ‘எல்லாப் பூஞ்சைக்கும் நாடாமைசினே சிறந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆய்வில் வித்தியாசம் முக்கியமாகத் தெரிந்தது ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வகையில்தான். கமாவை எல்லாம் சரியாக வைத்து, சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் என்ன பயன்? இதை எந்த சென்டரும் பார்த்துத் தராது. சாட்ஜிபிடி தந்த ரெஃபரன்ஸ் ஏதாவது இருந்தால் ஒவ்வொன்றையும் பப்மெட்டில் தேடுங்கள், இல்லாத கட்டுரையை இருப்பதுபோல எழுதித் தருவதில் அது கைதேர்ந்தது.

இனி அந்த கேரண்டி. ரிவ்யூவருக்கு அனுப்பிப் பரிசீலிக்கும் எந்த ஜர்னலும் முன்கூட்டியே உறுதி தராது. தருகிறவர் பணத்துக்குப் போடும் போலி ஜர்னலை வைத்திருக்கிறார், அல்லது உங்கள் பணத்தோடு போய்விடுவார். சிலர் மற்ற வாடிக்கையாளர்களின் சம்பந்தமில்லாத கட்டுரைகளை உங்கள் பட்டியலில் செருகுவார்கள், ‘ரெஃபரன்ஸ் கம்மியா இருக்கு மேடம்’ என்று காரணம் சொல்லி. சிலர் உங்களைக் கேட்காமலே ஆசிரியர் பட்டியலில் யாருக்காவது இடம் விற்பார்கள். இவர்களை வளர்த்தது யார்? பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்கிறோம், கட்டுரை எழுத ஒரு வகுப்பு நடத்துவதில்லை. நூலகர் ஒருவர் அரை நாள் சொல்லிக் கொடுத்தால் தீர்கிற விஷயம், டிபார்ட்மென்டில் யாருக்கும் நேரமில்லை.

நீங்கள் அனுப்பிய ஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். ஜர்னல் தளத்தில் உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை சென்டர்காரருக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். தொடர்புக்கான மெயில் முகவரி உங்களுடையதுதானா என்றும் பாருங்கள், அவர்கள் முகவரியைப் போட்டுவிட்டால் ஜர்னல் எழுதும் எதுவும் உங்களுக்கு வராது. வேலை வேண்டாம், கட்டுரையை எங்கும் அனுப்பக் கூடாது என்று சென்டருக்கு மெயிலிலேயே எழுதுங்கள், போனில் சொன்னால் சாட்சி இருக்காது. அதன் நகலை உங்கள் கைடுக்கும் போடுங்கள். சென்டர்காரர்கள் வேறு ஜர்னலுக்கு அனுப்பிவைத்து, ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் கிடந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்களும் உங்கள் கைடும்தான்.