சாஃப்ட் அரிப்பும் மச்சானின் இன்கோனலும்

கேள்வி: ஐயா, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகைக் கிளப்பும்போதெல்லாம், ப்ரொப்பல்லர் சாஃப்டில் கிளாண்டு கயிறு (கடல்நீர் படகுக்குள் வராமல் அடைக்கும் கயிறு) சுற்றும் இடம் பூச்சி அரித்த மாதிரி குழி குழியாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் பளபளப்பு. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 சாஃப்ட். எண்ணெய்க் கிணறு மேடையில் வேலை பார்க்கும் என் மச்சான், 'இன்கோனல் போடு, ஆயுசுக்கும் கவலையில்லை' என்கிறார். அது நிக்கல் கலவை உலோகமாம். போடலாமா?
– விசைப்படகு உரிமையாளர், கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். மச்சான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் மேடையிலேயே எல்லாம் இன்கோனல் கிடையாது. நானும் மும்பைக் கடலில் உள்ள பாம்பே ஹை எண்ணெய் வயலில் வால்வு பிரித்துப் பூட்டியவன்தான். பல வால்வுகளில் உடம்பு வெறும் கார்பன் ஸ்டீல். சீல் உட்காரும் வளையத்தில் மட்டும் இன்கோனல் 625-ஐ மூன்று மில்லிமீட்டர் போல வெல்டிங்கில் ஏற்றியிருப்பார்கள். அந்த விலைக்கு அவ்வளவுதான் கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் படகு கட்டிக் கிடக்கிறதே, அப்போதுதான் உங்கள் சாஃப்ட் அரிக்கிறது. எஸ்.எஸ்ஸைக் காப்பது மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தால் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துத் தானே மூடிக்கொள்ளும். கயிற்றுக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், குளோரைடு சேரும், தண்ணீர் அமிலமாகும், படலம் உடையும். அது கிராபைட் கயிறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் கிராபைட்டும் எஸ்.எஸ்ஸும் சேர்ந்தால் பேட்டரிதான், கரைவது சாஃப்ட். வழவழவென்று ஓடும் என்று பட்டறையில் அதைத்தான் நீட்டுவார்கள்.

இன்கோனல் 625-இல் குழி விழாமல் காக்கும் மாலிப்டினம் என்ற உலோகம் 8 முதல் 10 சதவீதம் இருப்பதால் இந்த இடுக்கிலும் தாக்குப்பிடிக்கும். மோனல் 400 (நிக்கல்-செம்புக் கலவை) என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். ஓடும் கடல்நீரில் அது ராஜா. தேங்கிய நீரில் அதிலும் குழி விழும்.

அடுத்த முறை எஸ்.எஸ். 316 சாஃப்ட் போடுங்கள். அதில் மாலிப்டினம் 2–3 சதவீதம்தான், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். டெஃப்லான் கயிறு சுற்றுங்கள், சாஃப்டில் ஜிங்க் வளையம் மாட்டுங்கள், சாஃப்டுக்குப் பதில் அது கரையும். தடைக்காலத்தில் கரையேற்ற முடியாவிட்டால் வாரம் ஒருமுறையாவது இன்ஜினை ஓட்டி சாஃப்டைச் சுற்றவிட்டு, கிளாண்டில் புதுத் தண்ணீர் சொட்டவிடுங்கள்.

கேள்வி: காந்தம் ஒட்டாவிட்டால் 316 தானே?
– ஒரு வாசகர், தேங்காய்த்திட்டு, புதுச்சேரி

பதில்: 304-லும் ஒட்டாது. மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டுத் திரவம் விற்கிறது. தேய்த்த இடத்தில் ஒரு சொட்டு வைத்து நிறம் பாருங்கள். கடைக்காரர் தொடவிடவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.