நியூ ஆர்லியன்ஸ் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஒரு வருட வேலைக்காக நியூ ஆர்லியன்ஸ் வந்தவள் நான். 12 வருடம் ஆகிவிட்டது, இன்னும் மிட்-சிட்டி பகுதியில்தான் குடியிருக்கிறேன். இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வரும் தமிழர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (ஹூஸ்டன்): அக்கா, நண்பர்கள் நான்கு பேர் காரில் வருகிறோம். சனி, ஞாயிறு மட்டும்தான். போர்பன் தெருவிலேயே ஹோட்டல் எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. போர்பன் தெருவை ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், அது போதும். விடிய விடியச் சத்தம், தூங்க முடியாது. ஊரின் பழைய பகுதியான ஃபிரெஞ்சு குவார்ட்டரின் எஸ்ப்ளனேட் அவென்யூ பக்கமோ, அதைத் தாண்டி மாரிக்னியிலோ அறை பாருங்கள். அங்கிருந்து ஃபிரெஞ்சுமென் தெரு நடக்கிற தூரம். இந்த ஊரின் ராத்திரி எனக்கு அந்தத் தெருதான். ஸ்பாட்டட் கேட் சின்ன ஜாஸ் கிளப், நின்றுகொண்டே கேட்க வேண்டும். ஸ்னக் ஹார்பரில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கலாம். குவார்ட்டருக்குள் செயின்ட் பீட்டர் தெருவில் 1961-ல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால் இருக்கிறது. பழைய மரப் பெஞ்சுகள், மைக் இல்லாத வாசிப்பு, முக்கால் மணி நேரம். ஒரு தடவையாவது போய் உட்காருங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சில்லறை நோட்டு கொண்டு வாருங்கள். பல இடங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது, வாளி சுற்றி வரும். அதில் விழுவதுதான் வாசிப்பவர்களின் முக்கிய வருமானம். ஆளுக்கு 5 டாலராவது போடுங்கள்.

ஐ-10 சாலையில் ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகும். வழியில் அச்சாஃபலாயா சதுப்புநிலத்தின் மேல் சுமார் 18 மைல் நீளப் பாலம் வரும். அதைப் பகல் வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி கிளம்புங்கள்.

கேள்வி (அட்லாண்டா): ஞாயிற்றுக்கிழமை 'செகண்ட் லைன்' பார்க்காமல் வராதே என்று ஒருவர் சொன்னார். அது என்ன? வெளியாட்கள் போகலாமா?

பதில்: உங்களிடம் அப்படிச் சொன்னவருக்கு என் நன்றி. அந்தக் காலத்தில் கறுப்பின மக்களுக்குக் காப்பீட்டுக் கம்பெனிகள் கதவைத் திறக்கவில்லை. அதனால் தெருவுக்குத் தெரு சங்கம் வைத்தார்கள். சந்தா கட்டினால் வைத்தியச் செலவுக்குப் பணம், இறந்தால் கௌரவமான அடக்கம், கூடவே பித்தளை வாத்தியக் குழு. அந்தச் சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கமும் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது உடுப்பு, இறகு விசிறி சகிதமாகத் தன் பேட்டையைச் சுற்றி ஊர்வலம் போகும். முன்னால் போகும் சங்கத்தாரும் வாத்தியக்காரர்களும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டே போகிற எல்லோரும் இரண்டாம் வரிசை, அதாவது செகண்ட் லைன். அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம்.

இறுதி ஊர்வலத்திலும் இதே வாத்தியம்தான். கல்லறை வரை மெதுவான துக்க இசை, உடலுக்கு விடை கொடுத்த பிறகு ஆட்டமும் பாட்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, எங்கள் ஊரில் தாத்தாவின் சாவுக்குப் பறையடித்து ஆடிக்கொண்டு போனது நினைவுக்கு வந்து, நடுத்தெருவில் நின்று அழுதேன்.

ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து ஜூன் வரை, கடும் கோடை தவிர, பெரும்பாலான ஞாயிறுகளில் நடக்கும். மதியம் தொடங்கி நான்கு மணி நேரம் போகும். பாதை விவரத்தை டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் என்ற 90.7 எஃப்.எம். வானொலி வெளியிடும். போனால் முதல் வரிசையைச் சுற்றிப் பிடித்திருக்கும் கயிற்றுக்குள் நுழையாதீர்கள். ஆடுபவர் முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டாதீர்கள். கூடவே தள்ளுவண்டியில் வரும் அந்தப் பேட்டைக்காரர்களிடம் தண்ணீரோ சாப்பாடோ வாங்குங்கள். சாவு ஊர்வலம் என்றால் ஃபோன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

முந்தின நாள் ட்ரெமே பகுதியில் காங்கோ சதுக்கத்துக்குப் போய் வாருங்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிறுதோறும் கூடிக் கொட்டடித்து ஆடிய மைதானம் அது. செகண்ட் லைனின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (டல்லாஸ்): மார்டி க்ரா திருவிழாவுக்கு 6, 9 வயதுப் பிள்ளைகளோடு வரலாமா? கேள்விப்படுவதெல்லாம் பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாக வாருங்கள். நீங்கள் கேள்விப்பட்டது போர்பன் தெருவின் கதை. பெரிய ரதங்கள் 1970-களிலிருந்தே ஃபிரெஞ்சு குவார்ட்டரின் குறுகிய தெருக்களுக்குள் போவதில்லை. அப்டவுனில் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ ஓரம் நின்றால் பாதிக் கூட்டம் குடும்பங்கள்தான். ஏணியின் உச்சியில் பலகை அடித்துக் குழந்தைகளை உட்கார வைத்திருப்பார்கள்.

மார்டி க்ரா என்பது ஈஸ்டருக்கு 47 நாள் முன்பு வரும் செவ்வாய்க்கிழமை. மறுநாள் தவக்காலம் தொடங்கிவிடும். 2027-ல் பிப்ரவரி 9. ஆனால் சீசன் ஜனவரி 6-லேயே ஆரம்பம், கடைசி இரண்டு வாரம் பெரிய ஊர்வலங்கள். செவ்வாயன்றுதான் வர வேண்டும் என்றில்லை. முந்தின வார இறுதிக்கு வந்தால் அறை வாடகையும் கொஞ்சம் குறையும், பிள்ளைகளும் களைக்க மாட்டார்கள்.

ஊர்வலத்தை நடத்துவது 'கிரூ' எனப்படும் குழுக்கள். ரதத்துக்கும் வீசும் மணிமாலைக்கும் அந்த உறுப்பினர்களே கைக்காசு போடுகிறார்கள். கம்பெனி விளம்பரத்தை ரதத்தில் ஏற்றக் கூடாது என்று நகரச் சட்டமே இருக்கிறது. நம்மூர்க் கோயில் திருவிழாவில் மண்டகப்படி எடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெக்ஸ் கிரூ 1872-லிருந்து வருகிறது. ஜூலூ கிரூ 1909-லிருந்து; அவர்கள் கையால் வண்ணம் தீட்டிய தேங்காய் கொடுப்பார்கள். அது கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கும்.

கீழே விழுந்த மாலையைக் குனிந்து எடுக்க விடாதீர்கள், விரலை யாராவது மிதித்துவிடுவார்கள். கழிப்பறைதான் பெரிய பாடு. பாதையோரத் தேவாலயங்களும் பள்ளிகளும் நாள் முழுக்கப் பயன்படுத்தக் கைப்பட்டை விற்கும், வாங்கிவிடுங்கள். ஊர்வலத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் அந்தப் பாதையில் கார் நிறுத்தக் கூடாது. முதல் வருடம் இது தெரியாமல் என் காரை இழுத்துப் போய்விட்டார்கள். அதை மீட்பதிலேயே அந்த ராத்திரி முழுக்கப் போனது.

கேள்வி (நியூ ஜெர்சி): நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் பட்டினி கிடக்க வேண்டுமா?

பதில்: பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கம்போ என்ற கெட்டிச் சூப்பின் பெயரே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் பானைக்குள் கோழியோ இறாலோ பன்றித் தொத்திறைச்சியோ இருக்கும். திங்கட்கிழமை தோறும் ஊரே சாப்பிடும் ராஜ்மா சோற்றையும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் திங்கள் துணி துவைக்கிற நாள் என்பதால் அடுப்பில் பயறைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அந்தப் பயறோடு பன்றி எலும்பும் சேர்ந்து வெந்தது. கீரைக் கம்போ என்று எழுதியிருந்தாலும் உள்ளே கறி இருக்கலாம். "இறைச்சி இல்லையே?" என்று கேட்டால் போதாது. "எந்தத் தண்ணீரில் வேக வைத்தீர்கள்?" என்றும் கேளுங்கள்.

போ-பாய் (நீள ரொட்டி சாண்ட்விச்) கடைகளில் சிலவற்றில் உருளைக்கிழங்கு வறுவல் வைத்த போ-பாய் கிடைக்கும். 1929 டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது மார்ட்டின் சகோதரர்கள் இலவசமாகக் கொடுத்த ரொட்டிதான் போ-பாய் ஆனது என்று இங்கே சொல்வார்கள். மேலே மாட்டிறைச்சிக் குழம்பு ஊற்றாமல் தரச் சொல்லுங்கள். அப்புறம், வியட்நாமியர்கள் நிறையப் பேர் 1975-க்குப் பிறகு இங்கே குடியேறினார்கள். அவர்கள் கடைகளில் டோஃபு வைத்த பான்மி சாண்ட்விச் நன்றாக இருக்கும்.

கேள்வி (சிகாகோ): காபி எப்படி? ஃபில்டர் காபி இல்லாமல் என்னால் முடியாது.

பதில்: நீங்கள் சரியான ஊருக்குத்தான் வருகிறீர்கள்! இங்கே காபியில் சிக்கரி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம். 1860-களின் உள்நாட்டுப் போரில் துறைமுகம் முடங்கிக் கொட்டை கிடைக்காமல் போனபோது இன்னும் ஊன்றியது. டெகடூர் தெருவில் 1862-லிருந்து இருக்கும் கஃபே டூ மோந்தில் சூடான பாலும் சிக்கரி டிகாக்ஷனும் பாதிக்குப் பாதி கலந்து தருவார்கள். சர்க்கரை மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். கூட பென்யே, சர்க்கரைப் பொடியில் புதைந்த மூன்று சூடான பணியாரம். கறுப்புச் சட்டை போட்டுப் போகாதீர்கள். காலையில் கடை திறந்ததும் போனால் வரிசை இருக்காது.

கேள்வி (சியாட்டில்): ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள், எழுபதைத் தாண்டியவர்கள். ஜூலையில் அழைத்து வரலாமா?

பதில்: ஜூலை வேண்டாம். சென்னைப் புழுக்கத்தைப் பார்த்தவர்களும் திணறுவார்கள், மத்தியானம் இடி மழை வேறு. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். அக்டோபர் கடைசி அல்லது மார்ச் பாருங்கள். செயின்ட் சார்ல்ஸ் டிராம் 1835-லிருந்து ஓடுகிறது. ஆலிவ் பச்சைப் பெட்டி, மரப் பெஞ்ச், ஏசி கிடையாது, படியும் உயரம். முழங்கால் வலி இருந்தால் கனால் தெருவின் சிவப்பு டிராமில் ஏற்றுங்கள். அதில் ஏசியும் சக்கர நாற்காலி ஏற வசதியும் உண்டு. ஒரு பயணம் 1.25 டாலர், நாள் முழுக்க 3 டாலர். அதிலேயே சிட்டி பார்க் போய், பழைய ஓக் மரங்களின் நிழலில் உட்கார வையுங்கள். சிற்பத் தோட்டத்துக்கு டிக்கெட் இல்லை.

கேள்வி (ஆஸ்டின்): பாதுகாப்பு எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: 2025 ஜனவரி 1 அதிகாலையில் போர்பன் தெருவில் ஒருவன் கூட்டத்துக்குள் வண்டியை ஏற்றி 14 பேரைக் கொன்றான். அந்தக் காயம் இந்த ஊருக்கு இன்னும் ஆறவில்லை. அதையே நினைத்துக்கொண்டு வராமல் இருக்க வேண்டாம். அன்றாட அபாயம் வேறு மாதிரி. காருக்குள் ஒரு பையைக்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் கார்க் கண்ணாடியை ஒரு சாப்பாட்டுப் பைக்காக உடைத்தார்கள். ராத்திரி ஆளில்லாத தெருவில் குறுக்கு வழி வேண்டாம், வாடகைக் கார் பிடியுங்கள். "உங்கள் ஷூவை எங்கே வாங்கினீர்கள் என்று சொல்கிறேன், 20 டாலர் பந்தயமா?" என்று ஒருவர் வருவார். "போர்பன் தெருவில், உங்கள் காலில்" என்பதுதான் அவர் பதில். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கையில் மதுபானத்தோடு தெருவில் போகலாம், ஆனால் பிளாஸ்டிக் கப்பில் மட்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி (சார்லட்): ஓக் மரச் சாலை வைத்த தோட்ட மாளிகைகள் அழகாக இருக்கின்றனவே, எதற்குப் போகலாம்?

பதில்: விட்னி என்ற தோட்ட அருங்காட்சியகத்துக்குப் போங்கள், ஒரு மணி நேரப் பயணம். 2014-ல் திறந்தது. மற்ற இடங்களில் முதலாளியின் சாப்பாட்டு மேஜை எவ்வளவு நீளம் என்று காட்டுவார்கள். விட்னியில் அடிமைகளாகக் கரும்பு வெட்டியவர்களின் பெயர்களைச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

கேள்வி (டாம்பா): நம் நாட்டு ஆட்கள் யாராவது அந்தக் காலத்திலேயே அங்கே வந்திருக்கிறார்களா?

பதில்: ஆமாம். 1880-கள் வாக்கிலிருந்து வங்காளத்தின் ஹூக்ளிப் பகுதி முஸ்லிம் வியாபாரிகள் பூவேலை செய்த பட்டுத்துணி விற்க இங்கே வந்தார்கள். சிலர் ட்ரெமேயில் கறுப்பினப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். காங்கோ சதுக்கத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தெருக்களில் கொஞ்சம் நடங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): திரும்பும்போது என்ன வாங்கி வரலாம், அக்கா?

பதில்: சிக்கரி காபி டின் இரண்டு, பீகான் கொட்டை போட்ட ப்ராலீன் மிட்டாய் ஒரு பெட்டி. உங்கள் வீட்டு ஃபில்டரில் அந்தப் பொடி கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும். ராத்திரியே போட்டு வைத்துவிடுங்கள்.