'ப்ரோரோக்' செய்தால் சபை கலையுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'ப்ரோரோக்' (prorogue, சபையின் கூட்டத்தொடரை முடித்துவைப்பது) என்ற ஒரே சொல்லைப் பற்றியவை. போட்டித் தேர்வுக் காலம் போல.

கேள்வி: 'ப்ரோரோக்யூ' என்று படிப்பது சரியா?

பதில்: தவறு. ப்ரோ-ரோக். அழுத்தம் இரண்டாவது அசையில். பெயர்ச்சொல் ப்ரோரொகேஷன்.

கேள்வி: அட்ஜர்ன், ப்ரோரோக், டிஸால்வ் எல்லாம் ஒன்றுதானே?

பதில்: ஒன்றென்றால் அரசியல் சட்டத்தில் மூன்று சொல் எதற்கு? வினையைப் பார்க்கும் முன் எழுவாயைப் பாருங்கள். அட்ஜர்ன் செய்பவர் சபாநாயகர்; மதியத்துக்கோ நாளைக்கோ தேதி குறிக்காமலோ ஒத்திவைப்பார். ப்ரோரோக் செய்பவர் குடியரசுத் தலைவர், மாநிலத்தில் ஆளுநர். அத்தோடு கூட்டத்தொடர் முடிகிறது, எம்.எல்.ஏ. எம்.எல்.ஏ.வாகவே இருக்கிறார். டிஸால்வ் என்றால் சபையே இல்லை, அடுத்தது தேர்தல்.

கேள்வி: 2022-ல் மேற்கு வங்க ஆளுநர் சட்டப்பேரவையை முடக்கினாரே, அது ஜனநாயகமா?

பதில்: அவர் எதையும் முடக்கவில்லை. பிப்ரவரி 12 முதல் பேரவைக் கூட்டத்தொடரை முடித்துவைத்து, அரசியல் சட்டத்தின் 174-வது பிரிவின்படி ஆணை போட்டார், அவ்வளவுதான். ஆனால் 'முடக்கம்' என்று செய்தி பரவியது, ஊரெல்லாம் கொதித்தது. அன்று நம் முதலமைச்சராக இருந்த ஸ்டாலினும் கண்டித்து ட்வீட் போட்டார். மாநில அரசு கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்று ஆளுநர் விளக்க வேண்டியதாயிற்று. அந்த ஆளுநருக்கும் அந்த அரசுக்கும் ஆகாது என்பது வேறு கதை. அதனாலேயே யாரும் ஆணையைப் படிக்கவில்லை. முடக்குவது வங்கிக் கணக்கை. கூட்டத்தொடரை முடித்துவைப்பார்கள், அதுவும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, அமைச்சரவை பரிந்துரைத்து, சத்தமில்லாமல். இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த வாரம் 'முடக்கம்' என்று இன்னொரு கடிதம் வருகிறது. ஜனநாயகத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் அகராதியை ஒரு தடவை திறந்து பாருங்கள், ஐயா.

கேள்வி: அப்படியானால் இதில் ஆபத்தே இல்லையா?

பதில்: இருக்கிறது. 2019-ல் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆலோசனைப்படி பிரிட்டன் நாடாளுமன்றம் ஐந்து வாரத்துக்கு ப்ரோரோக் செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் நெருங்கிய நேரம். வழக்கமாக அங்கே ஒரு வாரத்துக்குள் முடிகிற சமாச்சாரம். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமித்து அது செல்லாது என்றார்கள். ப்ரோரோக்கை அறிவிக்க வந்த ஆணையர்கள் வெற்றுத்தாளோடு வந்தது போலத்தான் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 2018 அக்டோபரில் இலங்கையிலும் அன்றைய ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தை முதலில் ப்ரோரோக்தான் செய்தார். நவம்பர் 9 அன்றுதான் கலைத்தார். டிசம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது அந்தக் கலைப்பை. ப்ரோரோக்கையும் கலைப்பையும் ஒன்றாக்கி எழுதுபவர்கள் தேதியையாவது பார்க்கலாம்.

கேள்வி: நிலுவையில் உள்ள மசோதாக்கள் என்ன ஆகும்?

பதில்: பிரிட்டனில் பொதுவாகக் காலாவதி, சிலவற்றை மட்டும் அடுத்த தொடருக்கு எடுத்துச்செல்வார்கள். இந்தியாவில் காலாவதி ஆகாது. நாடாளுமன்றத்துக்கு அரசியல் சட்டப் பிரிவு 107(3), மாநிலங்களுக்கு 196(3).

கேள்வி: இந்தச் சொல்லின் வேர்?

பதில்: லத்தீன். ரோகாரே என்றால் கேட்பது. ரோமில் மக்களிடம் கேட்டுப் பதவிக்காலத்தை நீட்டிப்பது ப்ரோரொகாஷியோ. கி.மு. 326 வாக்கில் நேப்பிள்ஸ் முற்றுகையில் இருந்த கான்சலுக்கு (ரோமின் உயர் பதவி) அப்படி நீட்டித்தார்கள். நீட்டிப்பதற்கு இருந்த சொல் பின்னால் தள்ளிப்போடுவதற்கும், கடைசியில் முடித்துவைப்பதற்கும் வந்து சேர்ந்தது. இன்டராகேட், அப்ரொகேட், சரொகேட் எல்லாம் இதே குடும்பம்.

கேள்வி: 'மேனேஜர் மீட்டிங்கை ப்ரோரோக் செய்தார்' என்று மெயிலில் எழுதலாமா?

பதில்: எழுவாயைப் பாருங்கள் என்றேன். உங்கள் மேனேஜர் ஆளுநரா? 'போஸ்ட்போன்' போதும்.