“எப்போது சரியாகப் பேசுவான்?” என்று கேட்கும் தாய்க்கு நான் என்ன சொல்வது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். சிகிச்சையாளர் வகுத்துத் தரும் திட்டப்படி பயிற்சி கொடுப்பதும், எத்தனை முறை சரியாகச் சொன்னார்கள் என்று தாளில் குறித்துவைப்பதும் என் வேலை. என்ன குறைபாடு, எப்போது சரியாகும் என்று சொல்லும் பொறுப்பு எனக்கில்லை.

நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ‘க’ வராது. காக்கா படத்தைக் காட்டினால் ‘தாத்தா’ என்பான். அவனுடைய அம்மா வரும்போதெல்லாம் வாசலில் என்னை நிறுத்தி, “எப்போது சரியாகப் பேசுவான்?” என்று கேட்கிறார். “சிகிச்சையாளரிடம் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு நகரும்போது குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. ஒருநாள் பையனின் சித்தப்பா, “இவர் வெறும் உதவியாளர்தானே, இவருக்கு என்ன தெரியும்?” என்று என் காதுபடவே சொன்னார்.

பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர் ஒருவரும் வருகிறார். ஒன்று முதல் பத்து வரை தடங்கலின்றி எண்ணுகிறார். மனைவியின் பெயர் மட்டும் வரவில்லை. திணறிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து, என்னைப் பார்த்து, ஒரு வசைச்சொல் தெளிவாக வந்து விழுந்தது. வீட்டுக்குப் போனால் யாரிடமும் வாய் திறக்கப் பிடிக்கவில்லை. மேற்கொண்டு படிப்பதா, வேலையை விட்டுவிடுவதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியவரிடமிருந்தே தொடங்குகிறேன். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்களில் பலருக்கு, தேடிச் சொல்ல வேண்டிய சொல் வராது. எண் வரிசை, கிழமைகள், பாட்டு, வசை என நாக்குக்குப் பழகிப்போனவை தாமாக வந்துவிடும். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா விவரித்த நோயாளி ‘டான்’ என்ற ஒலியையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோபம் மிஞ்சினால் மட்டும் ஒரு வசை வெளிப்படும். உங்கள் பெரியவர் தேடியது மனைவியின் பெயரை. அது அகப்படாத தவிப்பில் கைக்கெட்டியது அந்தச் சொல். உங்களுக்கு வலித்தது நியாயம்தான். ஆனால் அதை உங்களைப் பற்றிய மதிப்பீடாகச் சுமக்காதீர்கள். திணறல் முற்றும்போது அவருக்கு எளிதாக வரும் பயிற்சிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த அம்மா. பிள்ளையோடு உட்காருகிறவர் நீங்கள், உங்களிடம்தான் கேட்பார். தேதியை யாராலும் சொல்ல முடியாது, சிகிச்சையாளராலும்கூட. ‘க’ சொல்ல நாக்கின் பின்பகுதி மேலே எழ வேண்டும். அவனுக்கு நுனி எழுகிறது. முதலில் ஒலி தனியாக வரவேண்டும், பிறகு அசையில், சொல்லில், வாக்கியத்தில், கடைசியாகத் தன்போக்கில் பேசும்போது. இதில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்தில் தங்கி நிற்கும். எனவே “சிகிச்சையாளரிடம் கேளுங்கள்” என்பது சரியான பதில்தான். அதோடு நின்றுவிடுவதுதான் உங்களை உறுத்துகிறது. “உங்கள் கேள்வியை இன்றே அவரிடம் சேர்க்கிறேன், அவரே உங்களோடு பேசுவார்” என்று சொல்லுங்கள், சொன்னபடி சேர்த்துவிடுங்கள். சிகிச்சையாளர் சம்மதித்தால், “இன்று ‘க’ தனியாக வந்தது, சொல்லில் இன்னும் வரவில்லை” என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லலாம். தினமும் கேட்கிற தாய்க்குள் இருப்பது பயம். அதற்கு இந்த ஒரு வரி பெரிய துணை.

சித்தப்பாவின் பேச்சுக்குப் பதில் உங்கள் தாளிலேயே இருக்கிறது. நீங்கள் போடும் குறிகளைப் பார்த்துத்தான் திட்டத்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்று சிகிச்சையாளர் முடிவெடுக்கிறார். அந்தப் பையன் எப்போது சோர்கிறான், எந்தப் படத்துக்கு முகம் மலர்கிறான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் பேசப் பிடிக்காதது எனக்குக் கவலை தருகிறது. நாள் முழுக்கப் பிறர் வாயசைவையே உற்றுக் கவனிக்கிற வேலை இது. மனமும் தொண்டையும் சேர்ந்தே களைத்துப்போகும். இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே சிறிது இடைவெளியும், வாரத்தில் ஒருமுறை மனம்விட்டுப் பேச நேரமும் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். தயங்காதீர்கள், இது சலுகை அல்ல. அதன்பிறகும் பல வாரங்கள் இப்படியே நீடித்தால், தூக்கமும் கெட்டால், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

படிப்பைப் பற்றிய முடிவை இந்தக் களைப்பு தணிந்த பிறகு எடுங்கள். பயிற்சி கொடுக்கும்போதே ‘இந்தத் திட்டத்தை நானே வகுக்க வேண்டும்’ என்ற ஆசை எழுகிறதா? எழுந்தால் தாராளமாகப் படியுங்கள். சித்தப்பாவின் வாயை அடைப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.