குருப்பட்டமும் காத்திருப்பும்: கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு, எங்கள் சபை இளைஞர்களோடு வேதாரண்யம் பக்கம் நிவாரணப் பணிக்குச் சென்றேன். கூரை பறிபோன ஒரு வீட்டின் முன் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஆயராக வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இப்போது பட்டப்படிப்பு முடித்து, அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இறையியல் கல்லூரிக்குப் பரிந்துரை கேட்டு எங்கள் சேகரக் குழுவிடம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழுவிடம், இருமுறை விண்ணப்பித்தேன். இருமுறையும் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்றார்கள். ஆண்டவர் அழைத்த பிறகு மனிதரின் அனுமதி எதற்கு? ஓராண்டுப் பயிற்சியில் போதகர் பட்டம் தரும் தனிச் சபை ஒன்றில் சேர்ந்துவிடலாமா?

ஒரு வாசகர், திருவையாறு வட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்வி உங்களுக்கு முன்பே நம் ஆற்றுப் படுகையில் பலரை வாட்டிய கேள்வி என்பதால், சற்றுப் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1706-இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவரது மிஷனில் ஒரு தமிழர் குருப்பட்டம் பெற்ற நாள் 1733 டிசம்பர் 28. கடலூரில் பிறந்த ஆரோன் என்பவரே அவர். 1718-இல் திருமுழுக்குப் பெற்று, உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் இல்லாமல் வேதம் கற்பிப்பவராக, ஊர் ஊராக நடந்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தே அவர் தலைமீது கைகள் வைக்கப்பட்டன. தஞ்சை அரசின் எல்லைக்குள் ஐரோப்பியர் விரும்பியபடி நுழைய முடியாத அந்தக் காலத்தில், உள்ளூர்ச் சபைகளுக்குத் திருவிருந்து கொடுக்க ஒரு தமிழ்க் குரு தேவைப்பட்டார். அந்தத் தேவைக்குச் சபை தன் நடுவிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தது.

என் தாத்தாவும் உபதேசியார்தான். ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லுவார், நடவுக் காலத்தில் வரப்பில் நின்றபடியே நோயாளியின் நலம் விசாரிப்பார். ஆனால் அப்பமும் இரசமும் கொடுக்கக் குருவானவர் வர வேண்டும். அவர் வருவது மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான். குருப்பட்டம் ஒருவரின் தனிப்பட்ட பக்திக்குக் கிடைக்கும் பரிசன்று, ஊர் தன் பசிக்குக் கேட்டு வாங்கும் பொறுப்பு என்பதைச் சிறுவயதில் அந்தக் காத்திருப்பில்தான் கற்றேன். தென்னிந்தியத் திருச்சபையின் அருட்பொழிவு ஆராதனையில், பேராயர் கைகளை வைப்பதற்கு முன், இவர் தகுதியானவர் என நம்புகிறீர்களா என்று சபையாரைப் பார்த்துக் கேட்பார். அவர்கள் வாய்திறந்து சம்மதம் சொல்லியாக வேண்டும். வேதாரண்யத்தில் அந்த வீட்டின் முன் நீங்கள் கேட்ட குரலை நான் சந்தேகிக்கவில்லை. அதே குரல் உங்கள் சேகரத்தாரின் வாயிலும் ஒலிக்க வேண்டும் என்றே திருச்சபை எதிர்பார்க்கிறது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது, ஏனெனில் சபையும் தவறியிருக்கிறது. தஞ்சை மன்னரின் படையில் இருந்து, நற்செய்தி நூல்களைப் படித்து விசுவாசத்துக்கு வந்த இராஜநாயக்கன், தஞ்சைப் பகுதியில் பல பத்தாண்டுகள் உபதேசியாராக உழைத்தவர். அவரையும் குருப்பட்டத்துக்கு எண்ணிப் பார்த்தார்கள். பறையர் குடியில் பிறந்தவரின் கையிலிருந்து மேல்சாதிக் கிறித்தவர்கள் திருவிருந்து வாங்க மறுப்பார்கள் என்ற அச்சத்தால் அவரை ஒதுக்கி, 1741-இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். இராஜநாயக்கன் உபதேசியாராகவே 1771-இல் இறந்தார். அவரது அழைப்பு பொய்யன்று. அதை ஏற்க மறுத்த சபைதான் குற்றவாளி. இதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, வரவும் வேண்டும்.

எனவே 'அடுத்த ஆண்டு' என்ற சொல்லை அப்படியே விழுங்காதீர்கள். அதன் பின்னால் உள்ள காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களை இன்னும் போதிய அளவு அறியவில்லை என்பது காரணமானால் அது நியாயமானது, தீர்க்கவும் கூடியது. மாலையில் ஆலையிலிருந்து வந்தபின், ஆயர் நேரில் போக முடியாத குக்கிராமம் ஒன்றின் ஜெபக்கூட்டத்தை ஓராண்டு பொறுப்பேற்று நடத்துங்கள். அறுப்பின் பண்டிகையில் பாட்டுப் பாடுவதைவிட, சாவு வீட்டில் இரவு முழுதும் உட்கார்ந்திருப்பது உங்களை அவர்களுக்கும் உங்களுக்கே கூடவும் காட்டிக்கொடுக்கும். அதன் பிறகும், இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்புக்குச் சில ஆண்டுகள் உண்டு. எபிரேயமும் கிரேக்கமும் திருச்சபை வரலாறும் அங்கே காத்திருக்கின்றன. படிப்பு முடிந்தால் டீக்கன் எனும் முதல்நிலைப் பட்டம், பிறகே ஆயர் பட்டம். ஓராண்டுப் பயிற்சி இந்தப் பாதையைச் சுருக்குவது போலத் தோன்றும். ஒரு விதவை உங்களிடம் தன் பிள்ளையின் சாவுக்குக் காரணம் கேட்கும் நாளில், அந்தப் பயிற்சி உங்களை வெறுங்கையோடு நிறுத்தும் என்பதே என் அச்சம்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆயரைத் தனியாகச் சந்தித்து, இரண்டு முறையும் ஒத்திவைத்தது எதற்காக என்று மரியாதையாக, ஆனால் நேராகக் கேளுங்கள். சாதிதான் காரணம் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். பேராயருக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை நாம் இருவரும் சேர்ந்து எழுதுவோம்.